மசூர் சொன்ன சாக்கு

கல்முனைச் சந்தைக்குப் பின்னால் பழஞ்சாக்கு வாங்கி விற்ற மசூரை ஊர் ‘சாக்கு மசூர்’ என்றே கூப்பிட்டது. ஆள் கெட்டவரல்ல, தொழுகை தவறமாட்டார், பசித்தவனுக்குச் சோறு போடுவார். தொண்ணூறில் தமிழ் ஆயுத இயக்கத்தோடு சண்டை வந்தபின் நெல்லுக்குப் போன சாக்கெல்லாம் மண் நிரப்பிக் காவலரண் கட்டப் போனது. நெல் வருசத்துக்கு இரண்டு போகம். சண்டை எல்லா மாதமும் விளைந்தது. மசூர் மாடி வீடு கட்டினார்.

தொண்ணூற்றைந்தில் யுத்த நிறுத்தம். பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவின் விவசாயி நல்லரெத்தினம் பள்ளிவாசலுக்கு வந்து, வயல் பாதையிலுள்ள ஊர்காவல் படையின் மண்மூட்டைக் காவலரணான சென்றியை எடுத்தால் இரண்டு ஊரும் பயமில்லாமல் வயலுக்குப் போகலாம் என்றார். பள்ளிவாசல் தலைவர் அப்துல் ஹமீட் தலையாட்டத் தொடங்கும்போது மசூர் எழும்பினார்.

“ஊர்ட மானத்த ஆரு காக்குற? என்ட தம்பி மீராசாவும் அந்தச் சென்றியிலதான் நிக்கான். நான் பயப்புடல்ல, உங்களுக்கு என்ன பயம்?”

பேச்சு எடுபட்டது. சென்றி அப்படியே நின்றது.

வீட்டில் கிழிந்த சாக்குத் தைத்துக்கொண்டிருந்த மனைவி சல்மா உம்மா ஊசியைக் கீழே வைத்தாள்.

“ஊருக்காகவா பேசின நீங்க, யாவாரத்துக்காகவா?”

“ஊருக்காகத்தான் புள்ள.”

“சாக்குச் செல்லாதீங்க.”

சாக்கு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வைத்தவன் மசூரைக் கண்டுதான் வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் பட்டப்பகலில் சாக்கு அறையில் ஒரு சத்தம். ஓட்டைச் சாக்கிலிருந்து மண் இறங்கும் சத்தம். அடுக்கியிருந்ததெல்லாம் வெறுஞ்சாக்கு. மசூர் தரையைக் கூட்டிப் பார்த்தார்; ஒரு பொட்டு மண் இல்லை. சல்மா உம்மாவுக்கும் கேட்டது.

“மீராசாவச் சென்றிய உட்டு வரச் செல்லுங்க,” என்றாள்.

மசூருக்கும் கூப்பிட மனமிருந்தது. ஆனால் தம்பியைக் கூப்பிட்டால் ஊர் சிரிக்காதா? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். சத்தம் நாளுக்கு நாள் குசினி அடுப்புவரை வந்தது. சோற்றில் மண் கடிபட்டது. துப்பினால் வெறும் சோறு.

சண்டை திரும்ப மூண்டது. மூன்றாம் நாள் சென்றியில் செத்த மீராசாவின் மையித்தைக் கொண்டுவந்தார்கள். கழுவக் கழுவக் காயத்திலிருந்து மண்தான் வந்தது என்றார்கள் குளிப்பாட்டியவர்கள்.

அடக்கிவிட்டுத் திரும்பிய கூட்டத்தின் முன்னால் மசூர் வாய்விட்டுக் கத்தினார். “ஊருக்காகச் செல்லல்ல நான்! சாக்கு விக்கத்தான் செல்லின! அந்தச் சென்றிய எடுங்க!”

ஒருவரும் நம்பவில்லை. “தம்பியக் குடுத்த மனிசன், துக்கத்துல கதைக்கார்,” என்று அப்துல் ஹமீட் அவரை அணைத்துக்கொண்டார். மீராசாவுக்காகப் பழிவாங்க வாலிபர்கள் ஊர்காவல் படையில் சேர்ந்தார்கள். சென்றியைப் பெருப்பிக்கச் சாக்குக் கேட்டு வந்தார்கள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சத்தம் வீட்டைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது மசூருக்கு. இருந்த சாக்கையெல்லாம் தானே தூக்கிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். அவர் காசு வாங்காததைக் கண்டதோடு, மானத்துக்காகத்தான் இந்தச் சண்டை என்பதில் ஊருக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் போய்விட்டது.