கழன்றுகொள்ளும் இடம்

என்னோடு வேலை பார்த்த கணக்கு ஆசிரியரின் வலது தோள் உடைந்ததற்கு நான்தான் காரணம். தெரிந்தே செய்தேன். பிறகு பொய்யும் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில், ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். நான் கடலூர்க்காரன். வெறும் உடம்பைப் பலகைபோல் விறைப்பாக்கி, அலைமேல் கரைவரை சறுக்கி வரச் சின்ன வயதிலேயே பழகியவன். அவர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவர், என்னைவிட இளையவர், கடலையே பார்த்ததில்லை. ஞாயிறு காலைகளில் இருவரும் அல்சூர் நீச்சல்குளத்துக்குப் போவோம். ஒவ்வொரு முறையும் அவர்தான் முந்துவார். முந்திவிட்டுச் சும்மா இருக்கமாட்டார்.

"ஏன் சார், உப்புத் தண்ணில மட்டும்தான் மிதப்பீங்களா? அடுத்த வாரம் ரெண்டு மூட்டை உப்பு கொட்டச் சொல்லட்டா?"

மறுநாள் ஆசிரியர் அறையில் அதையே கன்னடத்தில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும்.

ஒரு தசரா விடுமுறையில் ஆசிரியர்கள் எல்லோரும் வேன் பிடித்து மகாபலிபுரம் போனோம். காலையில் அலை சின்னதாக இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பின்னால் பார்ப்பது, அலை முதுகைத் தூக்கும்போது நாலு வீச்சு நீந்துவது, தலையைத் தாழ்த்தி விறைப்பாகக் கிடப்பது, எல்லாம் காட்டிக்கொடுத்தேன். அரை மணியில் பிடித்துக்கொண்டார். வயிறு மணலில் தேய வந்து சேர்ந்து, "இவ்ளோதானா சார் உங்க கடலு?" என்றார்.

மதியத்துக்குமேல் காற்று ஏறி, ஆளுயர அலைகள் வந்தன. அங்கே கரை சட்டென்று சரியும். பெரிய அலை கரையை ஒட்டிச் சுவராக எழுந்து, நேரே மணலில் விழும். சறுக்கிப் போகிறவன் அது மடங்குமுன் ஒரு தோளைத் தாழ்த்தித் திரும்பி, அலையின் பின்பக்கமாகக் கழன்றுகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் முதலில் பழக்குவதே அதைத்தான். அதை மட்டும் நான் அவருக்குச் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல.

"இப்பதான் நிஜமான அலை வருது. போங்க, பார்ப்போம்" என்றேன்.

ஒரு வாய் மணல் தின்னட்டும், எல்லோர் முன்னாலும் எழ முடியாமல் கிடக்கட்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அலை அவரைத் தலைகுப்புறத் தூக்கி மணலில் குத்தியது. இழுத்து வெளியே போட்டவனும் நான்தான். ஆஸ்பத்திரியில் தலைமையாசிரியர் கேட்டபோது, "எப்படிக் கழன்றுகொள்வது என்று காலையிலேயே சொன்னேன். மறந்துவிட்டார்" என்றேன்.

மயக்கம் தெளிந்த அவர் அதை நம்பினார். "சொல்லியிருப்பீங்க சார். நான்தான் ஒரு ஸ்டெப்ப விட்டுட்டேன்" என்றார். நல்லவேளை காப்பாற்றினீர்கள் என்று நன்றி வேறு சொன்னார். அந்த நன்றிக்காக அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

அதன் பிறகு அந்தக் கை மார்புக்கு மேலே ஏறவில்லை. கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினார். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். பத்தாம் வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். குளத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். பக்கத்து வகுப்பிலிருந்து அவர் குரல் எனக்குக் கேட்கும்: "ஒரு ஸ்டெப் விட்டா என்ன ஆகும்னு என் கையப் பாருங்கடா." கேட்கும்போதெல்லாம் சாக்பீஸை ஒடிப்பேன். கோபம் அவர்மேல், ஏன் இப்படி நம்பித் தொலைக்கிறான் என்று. என்மேல் வரவேண்டிய கோபத்தை ஆறு வருடம் அவர்மேலேயே காட்டிக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வுபெற்ற அன்று, மாலையும் கையுமாக நின்றபோது, எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அன்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. வேண்டுமென்றேதான்." அதையே எழுதித் தலைமையாசிரியரிடமும் கொடுத்தேன்.

கணக்கு ஆசிரியர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "பசங்ககிட்ட என் கையக் காட்டிப் பாடம் நடத்துனேனே. அப்ப பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க?"

"ஆமாம்."

"இவ்ளோ நாள் விட்டுட்டு இன்னிக்குச் சொல்றீங்க. நாளைலேர்ந்து என் மூஞ்சில முழிக்க வேணாம், அதானே?"

அதுதான். நான் எனக்கே ஒப்புக்கொள்ளாததை அவர் ஒரே வரியில் போட்டுவிட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எழுந்து போய்விட்டார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, குளத்தில் அவரைப் பார்த்தேன். வலது கையை உடம்போடு ஒட்டிவைத்து, ஒருக்களித்து, இடது கையால் நீந்திக்கொண்டிருந்தார். நான் இறங்கினேன். அவர் ஏறினார். அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது வாரம் படிக்கட்டில் நின்று பேசினார்.

"சார், ஞாயித்துக்கிழமை எனக்கு. நீங்க வேற நாள் பாத்துக்கோங்க."

செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன். இத்தனை வருடத்தில் கிழமையை மாற்றவில்லை. குளத்தில் அந்த நேரத்துக்கு என்னை முந்த ஆள் இல்லை. கோபம் மட்டும் கூடவே இறங்குகிறது. இப்போது அது சரியான ஆள்மேல் இருக்கிறது.