சார்ஜ் ஏறும் வரை

துவாஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவுக்குக் கபிலன் மேற்பார்வையாளன். ஐம்பதைத் தொடப்போகிற வயது. சிகரெட் கிடையாது, பீர் கிடையாது, லாட்டரிக் கடை வரிசையிலும் நிற்க மாட்டான். இத்தனை கிடையாதுகளுக்கும் ஈடாக அவனிடம் ஒரே ஒரு கிறுக்கு இருந்தது. வேகம், அதுவும் மின்சார வேகம். கிடங்கில் பாரம் தூக்கும் மஞ்சள் வண்டிகள்தான் அதைப் பழக்கிவிட்டன. டீசல் வண்டி இருமி, கனைத்து, யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். மின்சார வண்டியோ காலை வைத்ததும் பாயும். அந்தப் பாய்ச்சல் ஒரு காரில் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று வருடக்கணக்கில் கனவு கண்டுகொண்டிருந்தான்.

பழைய பெட்ரோல் காரை வைத்துக்கொள்ள அரசாங்கம் தந்த உரிமைச் சான்றிதழின் காலம் முடிந்தது, அதை நசுக்கக் கொடுத்தாக வேண்டும். சின்னதாக ஒரு கார் போதும் என்று மனைவி வைஷாலி சொல்லிப் பார்த்தாள். கபிலன் தலையை ஆட்டிவிட்டுப் போய், முன்னால் ஒரு மோட்டாரும் பின்னால் ஒரு மோட்டாரும் வைத்த ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட அதற்கு நாலு விநாடிகூட வேண்டாம். இந்தத் தீவிலோ எந்த விரைவுச்சாலையிலும் தொண்ணூறுக்கு மேல் போகக்கூடாது. பிறகு எதற்கு இது என்று கிடங்கில் எல்லோரும் கேலி செய்தார்கள்.

"வேகமா போறதுக்கு இல்லலா," என்றான் கபிலன். "போக முடியும்னு தெரிஞ்சா போதும்."

நியாயமாகச் சொன்னால் அது கிறுக்கனுக்கு மட்டுமான வண்டியும் அல்ல. ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். பின்பெட்டியில் ஒரு சக்கர நாற்காலியும் வாரச் சாமான்களும் போகும். புக்கிட் பாத்தோக்கில் அவர்கள் புளோக்கை ஒட்டிய அடுக்குமாடி கார்பார்க்கிலேயே வேக சார்ஜர் இருந்தது. காலி பேட்டரி இருபது நிமிடத்தில் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிவிடும். ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் வேலை முடிந்தது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். அந்த இருபது நிமிடத்தை அவனே வாய்விட்டுச் சபிக்கும் காலம் வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவனுடைய அப்பா ரத்னவேல், வாழ்நாள் முழுக்க டாக்சி ஓட்டியவர். எல்லாம் டீசல் டாக்சி. அம்மா போன பிறகு மகன் வீட்டோடு இருந்தார். மறதி நோய் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருந்தது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவிருக்காது. மருமகளைச் சில நாள் நர்ஸ் என்று நினைத்துக்கொள்வார். சாலைகளை மட்டும் நோயால் தொட முடியவில்லை. எந்தத் திருப்பத்துக்குப் பிறகு எந்த விளக்கு என்று வரிசை பிசகாமல் சொல்வார்.

அவருக்கென்று மிஞ்சியிருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். காலையில் கபிலன் அவரைப் பழைய காரில் தேக்கா சந்தைக்கு அழைத்துப் போவான். அங்கே சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவில் அஸ்மத் காத்திருப்பார். அவரும் டாக்சி ஓட்டியவர்தான். அஸ்மத் பேசுவார், அப்பா சிரிப்பார், இரண்டு கோப்பி ஆறிப்போகும். அவ்வளவுதான் விசேஷம். ஆனால் தேக்கா போய்வந்த மறுநாள் அப்பா வைஷாலியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அது ஒருநாள்தான் நிற்கும் என்றாலும், அந்த ஒருநாளுக்காக வீடே ஏங்கிக் கிடந்தது.

புதுக் கார் வந்த முதல் ஞாயிறு. அப்பாவை உட்காரவைத்து, பெல்ட் போட்டுவிட்டு, கபிலன் வண்டியை எடுத்தான். கார்பார்க்கை விட்டு வெளியே வந்து, முதல் விளக்கையும் தாண்டியாகிவிட்டது. "என்னப்பா, எடுக்கலையா?" என்றார் அப்பா. கபிலனுக்குச் சிரிப்பு வந்தது. வண்டி அவ்வளவு சத்தமில்லாமல் போகிறதாம், பெருமைதானே. வழியில் நியூட்டன் சந்திப்பு வந்தபோது, "நேரமாகுது, எடு" என்றார். தேக்கா வந்து, கார் நின்று, கதவைத் திறந்துவிட்ட பிறகும் அவர் இறங்கவில்லை. கிளம்பவே இல்லையே, எதற்கு இறங்க வேண்டும் என்று கேட்டார். அஸ்மத் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு கார்வரை நடந்து வந்து, கோப்பி ஆறுகிறது, இறங்குடா என்று கூப்பிட்டார். அப்பா அவரை ஆச்சரியமாக ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எப்ப புக்கிட் பாத்தோக்குக்கு வந்த?"

அஸ்மத்தின் முகம் சுருங்கிப்போனதைக் கபிலன் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அப்பாவுக்கு வண்டி ஓடுவது கண்ணால் தெரிவதில்லை. காதிலும், காலடியிலும், முதுகுக்குப் பின்னால் வருகிற அதிர்விலும்தான் தெரிகிறது. ஜன்னலுக்கு வெளியே ஊரே ஓடினாலும், உள்ளே இன்ஜின் ஓடாவிட்டால் அவருக்கு வண்டி நிற்கிறது. வாங்கும்போது எந்த அமைதிக்காக அவன் விற்பனையாளரிடம் தலையாட்டினானோ அதுவே அப்பாவின் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிட்டது.

சும்மா இருந்தானா? இல்லை. அந்த வண்டியில் பந்தயக் கார் மாதிரி உறுமுகிற ஒரு போலிச் சத்தம் இருந்தது, இளவட்டங்களுக்காக வைத்தது. அதைப் போட்டுப் பார்த்தான். அப்பா பதறித் திரும்பி, பின்னால் எவனோ முட்டிக்கொண்டு வருகிறான், வழி விடு என்று வழியெல்லாம் கத்தினார். பழைய டீசல் டாக்சியின் சத்தத்தை எங்கிருந்தோ தேடிப் பிடித்து ஸ்பீக்கரில் ஓடவிட்டான். அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "ரேடியோவ நிப்பாட்டு. இன்ஜின் சத்தம் கேக்க மாட்டேங்குது" என்றார்.

ரயிலில் கூட்டத்தைப் பார்த்து நடுங்கினார். பேருந்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கப் போனார். டாக்சி கூப்பிட்டால் அதுவும் மின்சார டாக்சி. ஓட்டுநர், சத்தமே இல்லை பாருங்கள் என்று வேறு சந்தோஷப்பட்டார். வாடகைக்கு ஒரு பெட்ரோல் காரை எடுத்துவந்தான். யார் வண்டியைத் திருடிக்கொண்டு வந்தாய் என்று கேட்டு, அப்பா ஏற மறுத்துவிட்டார். அவருக்குப் பழக்கமான அந்தப் பழைய காரோ எப்போதோ நசுங்கி இரும்பாகிவிட்டது. கபிலன் படுக்கையறையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். வைஷாலி சொல்லிக் காட்டவில்லை, அது இன்னும் வலித்தது.

அப்படித் தோற்றுத் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. பேட்டரி தீர்கிற நிலைமை. கபிலன் வீட்டுக்குப் போகுமுன் கார்பார்க்கின் வேக சார்ஜரில் வயரைச் செருகினான். சார்ஜ் மளமளவென்று ஏற ஏற பேட்டரி சூடாகும். அதைத் தணிக்க வண்டிக்குள் விசிறியும் பம்பும் ஓடும். அன்று வெயிலும் சேர்ந்துகொண்டதில் அவை பெரிய இரைச்சலாக இரைந்தன. கீழே தளம் வரைக்கும் அதிர்ந்தது. அப்பாவின் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ம்... இப்ப எடுத்துட்டான்," என்றார்.

அசையாத காரில், எதிரே இருந்த சிமெண்டுச் சுவரைப் பார்த்தபடி அப்பா பயணம் போனார். இடப்பக்கம் பள்ளிக்கூடம் வந்தது, அடுத்தது பெட்ரோல் நிலையம் வந்தது, விளக்குச் சிவந்ததும் நின்றார். சார்ஜ் நிறைந்து விசிறி அடங்கியபோது, ஏன் நிறுத்தினாய் என்று கோபித்துக்கொண்டார். வயர் செருகியிருக்கும்வரை அந்த வண்டி எந்தப் பித்தானை அமுக்கினாலும் நகராது. அதனால் அடுத்த வாரம், உனக்கு ஓட்டத் தெரியவில்லை, தள்ளு என்று அவர் அதட்டியபோது, கபிலன் பயமில்லாமல் ஓட்டுநர் இருக்கையை விட்டுக்கொடுத்தான். சக்கரத்தில் கை வைத்ததும் அப்பாவின் கூன் நிமிர்ந்தது.

இனித்தான் வேதனை. சார்ஜ் ஏறுகிற வரைக்கும்தான் சத்தம். மெதுவான சார்ஜரில் விசிறி முனகக்கூட மாட்டேன் என்கிறது. வேகமான சார்ஜரிலோ ஓட்டம் தொடங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. அப்பாவோ பழைய டாக்சிக்காரர், ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் நின்று, கிழவிகள் சாலையைக் கடக்கக் காத்திருந்து, நிதானமாகப் போகிறவர். முதல் வாரம் அவர் ஓட்டம் கால்வாசி வழியில் இருக்கும் பியூட்டி வேர்ல்டைத் தாண்டவில்லை. அடுத்த வாரம் சிக்ஸ்த் அவென்யூவோடு சரி. வண்டி நின்றதும் ஒவ்வொரு தடவையும் முகம் தொங்கிப்போகும். ஒரே ஒரு முறையாவது அவர் தேக்கா போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்று கபிலன் தவித்தான்.

வழி ஒன்றுதான், சார்ஜ் ஏறும் நேரம் நீளும்படி பேட்டரியை ஒட்டக் காலி செய்வது. சனிக்கிழமை வந்தால் தீவின் இரு கோடிகளான சாங்கிக்கும் துவாஸுக்கும் காரணமே இல்லாமல் ஓட்டினான். விளக்குப் பச்சையானதும் முழு மிதி மிதித்தான், முதுகு இருக்கையில் ஒட்டியது, முன்பு அடிவயிற்றில் பூத்த அந்தக் குளிர்ச்சி வரவில்லை. ஆசை ஆசையாக வாங்கிய வேகத்தை இப்போது சாக்கடையில் கொட்டுவது போலக் கொட்டிக்கொண்டிருந்தான்.

அஸ்மத்திடமும் பேசி ஏற்பாடு செய்தான். ஞாயிறு காலையில் அவர் வழக்கமான மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா தேக்கா வந்தாயிற்று என்று சொன்னதும் போன் வழியாகக் கூப்பிட வேண்டும். சந்தை இரைச்சலும் நண்பர் குரலும் கேட்டால் அப்பாவுக்குப் போதும். நான் வரலாம் என்றால் முட்டி விடமாட்டேன் என்கிறதே என்று அஸ்மத் வருத்தப்பட்டார்.

அந்த ஞாயிறு வந்தது. திரையில் பேட்டரி இரண்டு சதவீதம் காட்டியது. கபிலன் வயரைச் செருகிவிட்டு, போனில் அஸ்மத்தை அழைத்து அப்படியே கையில் வைத்துக்கொண்டு, முன்னால் பக்கத்து இருக்கையில் ஏறப் போனான். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அப்பா திரும்பிப் பார்த்தார். பார்வையில் மரியாதையான ஒரு புன்னகை இருந்தது.

"பின்னால உக்காருங்க தம்பி. எங்க போகணும்?"

பெற்ற பிள்ளையை ஒருநாளும் அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. கபிலன் பின்னால் போய் உட்கார்ந்து, தேக்கா என்றான். விசிறி இரையத் தொடங்கியது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார்.

அன்று ஓட்டம் நன்றாகவே போனது. பியூட்டி வேர்ல்டு தாண்டியது, சிக்ஸ்த் அவென்யூ தாண்டியது. புக்கிட் தீமா சாலையில் நெரிசல் இல்லை என்று அப்பாவே சந்தோஷப்பட்டார். மௌனமாக இருக்க முடியாமல், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கபிலன் கேட்டுவைத்தான்.

"ஒரே பையன். புதுசா கார் வாங்கியிருக்கான்."

"நல்ல காரா?"

அப்பா ஒரு விளக்குக்கு நின்றார். "பாக்க அழகாத்தான் இருக்கு. ஓட மாட்டேங்குது தம்பி. எவனோ நல்லா ஏமாத்திட்டான்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் அவன்கிட்ட சொல்லிக்கல. ஆசையா வாங்கியிருக்கான். மனசு ஒடிஞ்சிடுவான்."

கபிலன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். அழுதபடியே திரையைப் பார்த்தான். எழுபது தாண்டிவிட்டது. மற்றவர்களுக்கு மகிழ்ச்சி தருகிற அந்த எண், அப்பாவுக்கு மிச்சமிருந்த வழியைத் தின்றுகொண்டிருந்தது. எதிரே வேறொரு கார் சார்ஜருக்காக வந்து காத்து நின்றது. நியூட்டன் வந்துவிட்டது என்றார் அப்பா. விசிறியின் சத்தம் இறங்க ஆரம்பித்தது. அந்த இரைச்சலாவது தொடரட்டும் என்று கபிலன் எட்டி ஏர்கானை முழு வேகத்தில் வைத்துப் பார்த்தான். குளிருகிறது, குறைத்துவிடுகிறேன் என்று அப்பா மன்னிப்புக் கேட்பது போலச் சொல்லிவிட்டு அணைத்தார்.

"கேகே ஆஸ்பத்திரி தெரியுது பாருங்க. அந்த ஒரு லைட்தான், அப்புறம் தேக்கா."

விசிறி நின்றது. காலடியில் இருந்த அதிர்வும் நின்றது. அப்பா சக்கரத்தைத் தடவிப் பார்த்தார், பெடலை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார், பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். திரும்பிய முகத்தில் அப்படி ஒரு வெட்கம்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. வண்டி நின்னுபோச்சு. இங்கேருந்து கிட்டத்துலதான். நீங்க நடந்து போயிடுங்க. அங்க அஸ்மத்னு ஒருத்தன் உக்காந்திருப்பான். நான் வரமாட்டேன்னு சொல்லிடுங்க."

சொன்ன பேச்சைக் கேட்கிற பயணியாகக் கபிலன் கதவைத் திறந்து இறங்கினான். அப்பா கை காட்டிய பக்கமாக, சிமெண்டுச் சுவரை நோக்கி நடந்து, சுவர் வந்ததும் நின்றான். போனில் சந்தை இரைச்சலுக்கு நடுவே அஸ்மத்தின் குரல் வந்தது.

"எங்கப்பா இருக்கீங்க? ரெண்டு கோப்பி சொல்லிட்டேன்."

கபிலன் திரும்பிப் பார்த்தான். அப்பா ஓட்டுநர் இருக்கையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கிட்டத்துலதான், அங்கிள்," என்றான்.