கால் எட்டாத சைக்கிள்

இரத்தினேஸ்வரி ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீட்டு வாசல் படலைகளின் முன்னால் நிற்பவள். சாம்பல்தீவிலிருந்து சல்லி வரை தபால் கொடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாகிவிட்டது. எந்தப் படலையிலும் சைக்கிளை விட்டு இறங்கமாட்டாள். சீற்றில் இருந்தபடியே இடது காலைத் தரையில் ஊன்றி, மணியை இரண்டு தரம் அடித்து, வருகிறவரின் கையில் கடிதத்தை வைத்துவிட்டு, வலது காலால் மிதித்துப் போய்விடுவாள். இறங்கி ஏறினால் படலைக்கு அரை நிமிடம் வீண். அதற்காகவே சீற்றைக் கீழே எவ்வளவு பதிக்க முடியுமோ அவ்வளவு பதித்து வைத்திருந்தாள்.

போன வருடம் அவள் லொறியில் ஏற்றப்பட்டாள்.

நகரத்துச் சைக்கிள் கழகம் ஒன்று வருடத்துக்கு ஒரு முறை குடாவைச் சுற்றி ஓடும். திருகோணமலையில் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, கிண்ணியாவும் மூதூரும் தாண்டிக் கட்டைபறிச்சானில் முடியும். போட்டியில்லை, பரிசில்லை. ஒரேயொரு விதி உண்டு. ஏழரைக்குள் கங்கைப் பாலத்தைக் கடக்க வேண்டும். கடக்காதவர்களை, பின்னால் வரும் லொறி சைக்கிளோடு ஏற்றிக்கொள்ளும். இரத்தினேஸ்வரி தன் தபால் சைக்கிளிலேயே போயிருந்தாள். பாலத்துக்கு வரும்போது ஏழு முப்பத்தாறு. கழகத்துப் பெடியள் மரியாதையாகத்தான் ஏற்றினார்கள். கட்டைபறிச்சானில் அவள் லொறியிலிருந்து இறங்கியபோது கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை சல்லிக்குப் போனாள். லொறிக் கதை அவளை முந்திக்கொண்டு படலைதோறும் போய்ச் சேர்ந்திருந்தது.

இந்த வருடம் தன் காலால் பாலத்தைக் கடப்பது என்று முடிவெடுத்தாள். தன் காலில் அவளுக்குச் சந்தேகமில்லை. நாற்பத்து மூன்று வயதில் அவளைப் போல் மழையிலும் மணலிலும் மிதிக்கிற ஒருத்தியை அந்தப் பக்கத்தில் காட்ட முடியாது. பிழை சைக்கிளில். ஆகவே மெல்லிய ரயர் போட்ட ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்க வேண்டும். தேர்தல்கள் அடுத்தடுத்து வந்ததில் வாக்காளர் அட்டை கொடுத்து ஓடிய மேலதிக நேரக் காசு கையில் இருந்தது. எண்பத்தையாயிரம். அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

அவளுடைய புருஷன் யுகேந்திரன் ஓட்டோ ஓட்டுகிறவன். அந்தக் காசில் ஓட்டோவுக்குப் புதுக் கூரையும் சீற்றும் போடலாமே என்று இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்தான்.

"உங்கட ஓட்டோவில நான் எப்பவாவது ஏறினனானா?" என்று கேட்டாள்.

கூரைக் கதை அதோடு முடிந்தது.

முதலில் நகரத்துக் கடைக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு நிறத்தில் ஒன்று நின்றது. தடித்த ரயர், முன்னால் ஸ்பிரிங், இருபத்தொரு கியர். இப்போது எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள் என்றான் விற்பனைக்கு நின்றவன். கொஞ்சம் கூடத்தான், ஆனால் மாதாமாதம் கட்டலாம் என்றும் சொன்னான். இரத்தினேஸ்வரி ஹாண்டிலைப் பிடித்து ஒரு அமத்து அமத்தினாள். முன்பக்கம் பாண் மாதிரி அமிழ்ந்து எழும்பியது.

"தம்பி, நான் மிதிக்கிறது ரோட்டுக்குப் போகோணும். இது ஸ்பிரிங்குக்கெல்லோ போகுது."

அடுத்த ஞாயிறு தபால் சைக்கிளில் கிண்ணியாவுக்குப் போனாள். ஸஹாப்தீன் ஜப்பானிலிருந்து கொண்டெய்னரில் வரும் பழைய சைக்கிள்களை இறக்கி விற்பவர். தகரக் கொட்டகையின் கூரை முழுக்க, வெட்டித் தொங்கவிட்ட இறைச்சி மாதிரிச் சைக்கிள்கள். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்.

"எத்தின சைஸ் பாக்கிறீங்க தங்கச்சி?"

"இருபத்தெட்டு இஞ்சிச் சில்லு."

அவர் சிரித்தார். "இந்த வரிசையில தொங்கிறது எல்லாம் இருபத்தெட்டுத்தான். சில்லை விடுங்க. ரேஸ் சைக்கிளுக்குச் சைஸ் எண்டா குழாயிட நீளம். ஏறிப் பாத்துத்தான் எடுக்கோணும்."

அவள் விலைக்குள் இரண்டு இருந்தன. ஒன்று நீலம், சிறியது, பெயின்ற் புதிது போல மினுங்கியது. மற்றது கரும்பச்சை. உயரம் கூட, பக்கமெல்லாம் உரஞ்சல். சீற்றுக்குக் கீழே ஏதோ ஜப்பான் பள்ளிக்கூடத்தின் ஸ்டிக்கர் பாதி கிழிந்து கிடந்தது. இரண்டையும் இறக்கச் சொல்லிச் சில்லைச் சுற்றிவிட்டுப் பிரேக் கட்டைக்கு நேரே கண்ணை வைத்து, சில்லு நெளிகிறதா என்று பார்த்தாள். ஹாண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேருமிடத்தை நகத்தால் சுரண்டி வெடிப்புத் தேடினாள். செயினைத் தூக்கி அதன் தளர்வைப் பார்த்தாள். ஸஹாப்தீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு நீலத்தில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் அப்படியே படிந்தன. பச்சையில் பெருவிரல் நுனி மட்டும் தொட்டது. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? நீலம்தான். கிண்ணியாப் பாலம் வரை ஓடிப் பார்க்கிறேன் என்று தபால் சைக்கிளையும் அடையாள அட்டையையும் அவரிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டாள்.

மெல்லிய ரயர் தாரில் சீறியது. உடம்பு முன்னால் சாய, நெஞ்சுக்குள் ஒரு துள்ளல். றால் விற்கிறவன் ஒருவன் "அக்கோய்" என்றான். பிரேக்கைப் பிடித்து இடது காலை ஊன்றினாள். அவன் றாலைக் காட்டினான். வேண்டாம் என்று மிதித்தாள். கொஞ்ச தூரத்தில் ஒரு மனுசி படலையில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரத்தினேஸ்வரி அங்கேயும் காலூன்றினாள். மனுசி திகைத்துப்போய், யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். இரத்தினேஸ்வரி மறுபடி மிதித்தாள்.

பாலத்தில் ஏறும்போது முழங்கால்கள் மடங்கி நெஞ்சு வரைக்கும் வந்தன. தொடை எரிந்தது. தபால் சைக்கிளிலும் இதே எரிவுதான். இத்தனை காலமும் அதைச் சைக்கிளின் பாரம் என்றே நினைத்திருந்தாள். இது பாரமில்லாத சைக்கிள். அப்படியென்றால் எரிவு எங்கிருந்து வருகிறது? பாலத்தின் நடுவில், மூன்றாவது முறையாக ஒரு காரணமும் இல்லாமல் காலூன்றி நின்றபோதுதான் விளங்கியது. கால் முழுக்க நீளாமல் மிதிக்கிறாள். நூற்றைம்பது படலைக்காகச் சீற்றைப் பதித்து, அதுதான் சைக்கிளின் அளவு என்று பழகிப்போனாள். ஓடுவதற்குச் சைக்கிள் தேடி வந்தவள், நிற்பதற்குத் தோதான ஒன்றைத் தெரிந்தெடுத்திருக்கிறாள். கங்கைப் பாலத்துக்குப் போகிற வழியில் அவள் கடிதம் கொடுக்கிற படலை ஒன்றுகூட இல்லை.

திரும்பி வந்தாள்.

"ஸஹாப்தீன் நானா, அந்தப் பச்சையைத் தாங்கோ."

"கால் எட்டாதே."

"எட்டத் தேவையில்லை."

குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அந்த அளவுக்குச் சீற்றை உயர்த்தச் சொன்னாள். பஞ்சாபி உடுப்பின் கால்துணியைத் தபால் கட்டுகிற றப்பர் வளையத்தால் இறுக்கிக்கொண்டு ஏறினாள். பாலத்தைப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பியதை அவள் தூரமாகவே எண்ணவில்லை. தொடையின் எரிவு இல்லை. முழுக்காலும் வேலை செய்தது. கடை வாசலில் பிரேக்கைப் பிடித்து, பத்தொன்பது வருடப் பழக்கத்தில் இடது காலை இறக்கினாள். தரை இல்லை. சைக்கிளோடு சேர்ந்து பழைய ரியூப் குவியலின் மேல் சரிந்தாள்.

"தபால் வந்து சேந்திட்டு," என்றார் ஸஹாப்தீன். எதிர்த் தேநீர்க் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பிப் பார்த்தார்கள்.

அவள் எழும்பிச் சட்டையைத் தட்டினாள். சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்டாள். மறுபடியும் ஏறினாள். நிற்க முன்னால் சீற்றை விட்டு முன்பக்கமாக இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாறு தரம் ஏறி இறங்கினாள். ஏழாவது தரம் தேநீர்க் கடைக்காரர் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

விலையைத் தொண்ணூறு என்றார் ஸஹாப்தீன். பின் ரயரில் வெடிப்பு, பிரேக் வயர் இரண்டும் கறள் பிடித்தவை, பெயின்ற் இல்லை என்று அவள் வரிசையாகச் சொன்னாள். பெயின்ற் உங்களுக்கு ஓடித் தராது என்றார் அவர். அதைத்தான் நானும் சொல்கிறேன், பிறகேன் அதற்குக் காசு என்றாள். கடைசியில் புது ரயரும் புது வயரும் போட்டு எண்பத்தையாயிரத்துக்கு வந்து நின்றது.

"தபால்காரி எண்டு நம்பிக் கதைச்சிட்டன்," என்று தலையை ஆட்டிக்கொண்டு அவர் ரயரைக் கழற்றத் தொடங்கினார்.

பின்னேரம் யுகேந்திரன் வந்து தபால் சைக்கிளை ஓட்டோவில் கட்டிக்கொண்டு போனான். அவனுக்கு முன்னால் அவள் பச்சையில் போனாள். சீனன்குடா வரை அவனால் முந்த முடியவில்லை என்று அவள் சொல்வாள். முந்த நினைக்கவில்லை என்று அவன் சொல்வான்.

ஓட்ட நாளன்று கச்சான் காற்று எதிரே பலமாக அடித்தது. கிண்ணியா வரை ஹாண்டிலின் வளைவைப் பிடித்துக் குனிந்தே போனாள். கங்கைப் பாலத்தில் ஏழு பன்னிரண்டு. இலக்கம் பதிகிற பெடியன் அவளை மட்டுக்கட்டிவிட்டான்.

"போன வருசம் லொறியில வந்த அக்காவோ?"

"ஓம், வந்தனான். இலக்கத்தைப் பதியும் தம்பி, நேரம் போகுது."

அந்தப் பாலத்துக்கு அப்பாலான வீதியை அவள் லொறிப் பலகைக்கு மேலால்தான் பார்த்திருந்தாள். இப்போது அதன் பள்ளம் மேடு ஒவ்வொன்றையும் கைகள் அறிந்தன. மூதூரைத் தாண்டும்போது தனக்கு முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர் என்பதை எண்ணவில்லை. கட்டைபறிச்சானில் அவள் இறங்கியபோது யாரும் கை தட்டவில்லை. ஒருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார், இன்னொருவர் சோற்றுப் பார்சல் எங்கே கிடைக்கும் என்று காட்டினார்.

சாப்பாடு முடிய, வந்தவர்கள் எல்லாரும் திரும்புவதற்காகச் சைக்கிள்களை லொறியில் ஏற்றத் தொடங்கினார்கள். ஒரு பெடியன் அவளுடையதைத் தூக்க வந்தான். அவள் கையைக் காட்டி மறித்தாள். அந்த நேரம் பார்த்து யுகேந்திரன் ஃபோனில் கூப்பிட்டான். போய்ச் சேர்ந்தாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"எப்பிடி, லொறியிலயோ வாறாய்?"

"இல்லை, மிதிச்சுத்தான் வாறன். பின்னேரமாகும். சோத்தை நீங்களே வடிச்சு வையுங்கோ."