நீலப் பெண்ணுக்குக் குளிர்ந்தது

நான் குரல் கொடுக்கப் போன முதல் நாள், என் வயிறு மைக்கில் கத்திவிட்டது. பயத்தில் அன்று காலை ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. திரையில் விண்வெளிக் கப்பல் வெடிக்கப் போகிறது, கேப்டன் அசையாமல் நிற்கிறார், அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த நேரம் பார்த்துக் கடமுடவென்று ஒரு சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"யாரு வயிறுப்பா அது?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற அண்ணி கையைத் தூக்கினார். "என் வயிறுதான். காலையில சாப்பிடல."

அன்று காலை அண்ணிக்குப் பரிமாறியதே நான்தான். இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர். 

அண்ணி என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்துபோன பிறகு நானும் அவரும்தான் வீட்டில். வெளிநாட்டிலிருந்து வரும் தொலைக்காட்சித் தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது அவர் தொழில். ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவர் மைக்கக்கா. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என்னையும் அவர்தான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். எனக்குக் கூட்டத்தில் கத்துகிற வேலை. ஏதாவது ஒரு கிரகம் அழியும்போது "ஐயோ, ஓடுங்க! கடவுளே, காப்பாத்து!" என்று கத்த வேண்டும். இரண்டாவதை நான் மனதார வேண்டிக்கொண்டே கத்துவேன். வேலைக்கு வேலையும் ஆயிற்று, பிரார்த்தனைக்குப் பிரார்த்தனையும் ஆயிற்று.

அந்த விண்வெளித் தொடரில் ஆண்கள் எல்லோருக்கும் கழுத்திலிருந்து கால்வரை மூடிய தடித்த உடை. பெண்களுக்கு மட்டும் துணிப் பஞ்சம். படித்த டாக்டரம்மா ஒருத்தி வந்தாள், அழகாகப் பேசினாள், நாங்கள் அவள் முகத்தை மனதில் வைத்துக்கொள்வதற்குள் செத்துப்போனாள். எதிரி நாட்டு ராணி ஊரையே கொளுத்துவாள், கேப்டனைக் கண்டால் மட்டும் வெண்ணெயாய் உருகுவாள். இரும்பில் செய்த இயந்திரப் பெண் ஒருத்தியும் உண்டு. அவளை முதலில் பார்த்த அன்று அண்ணி என் காதில் சொன்னார்: "இரும்புக்கு எதுக்குடி இவ்ளோ பெரிய நெஞ்சு? யாருக்குப் பால் குடுக்கப் போறா?" நான் காதைப் பொத்திக்கொண்டேன். விரல் இடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

அண்ணியின் பங்குக்கு வந்தவள் நீலப் பெண். உடம்பெல்லாம் நீலம். மேலே ஒரு துணிப்பட்டை, கீழே ஒரு துணிப்பட்டை. கேப்டனின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்குவாள். அவருக்குப் பொழுது போகாதபோது எழுந்து வருவாள். "கேப்டன்..." என்பாள். அதோடு வசனம் முடிந்தது. மற்றதெல்லாம் மூச்சு. வசனத் தாளிலேயே 'மூச்சு' என்றுதான் எழுதியிருக்கும். ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, முழங்கால் வலிக்குத் துணி சுற்றிக்கொண்டு, அண்ணி அந்த மூச்சை விடுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இளம்பெண். திறந்து பார்த்தால் எங்கள் அண்ணி, கன்னத்தில் இருமல் மிட்டாயை ஒதுக்கியபடி.

ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அண்ணி, இது பாவமில்லையா?"

"எதுடி?"

"இந்த... மூச்சு."

அண்ணி என்னைத் தலையோடு கால் பார்த்தார். "ஆசைப்படறது பாவம்னா உங்கண்ணனும் நானும் எப்பவோ நரகத்துல இடம் பிடிச்சிருக்கணும். அது கடவுள் குடுத்ததுடி. ஆசைப்படட்டும், நல்லா ஆசைப்படட்டும். ஆனா ஆசைப்பட்ட பொம்பளை சும்மா இருப்பாளா? பேசுவா, சிரிப்பா, சண்டை போடுவா, இன்னைக்கு வேணாம் போய்யான்னுவா. இவளைப் பாரு. சைக்கிள் பம்பு மாதிரி காத்து விட்டுக்கிட்டே இருக்கா."

அன்று இரவு கடவுளிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் அண்ணி பக்கம்தான் இருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. திரையில் வாய் தெரிந்தால் அந்த உதட்டசைவுக்குப் பொருந்தித்தான் பேச வேண்டும். பாத்திரம் முதுகைக் காட்டி நின்றால் எதைப் பேசினாலும் பொருந்திவிடும். ஒரு வாரம் கப்பல் ஒரு பனிக் கிரகத்தில் இறங்கியது. ஆண்கள் கோட்டுக்கு மேல் கோட்டு, கையுறை, காதுக்குத் தொப்பி. நீலப் பெண் அதே இரண்டு பட்டையோடு பனியில் இறங்கி, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒத்திகைதானே என்று நினைத்து அண்ணி மைக்கில் சொன்னார்: "கேப்டன், குளிருது. உங்க கோட்டுல ஒண்ணைக் கழட்டிக் குடுங்களேன்."

நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சவுண்டுக்காரரும் சிரித்தார். சிரித்த சிரிப்பில், பதிவு ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டார். முதுகுக் காட்சியை யார் திருப்பிப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள்? அது அப்படியே ஒளிபரப்பாகிவிட்டது.

மறுநாள் கடைத்தெருவில் நடக்க முடியவில்லை. ரொட்டிக் கடைக்காரம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, அந்தப் பாவி கோட்டு குடுத்தானா இல்லையா?" பேருந்தில் இரண்டு பெண்கள் கேப்டனைக் கரித்துக் கொட்டிக்கொண்டு வந்தார்கள். கேப்டனுக்குக் குரல் கொடுப்பவர் ஒல்லியான மனிதர். திரையில் கிரகங்களை அதட்டுவார், காய்கறிக் கடையில் பேரம் பேசக் குரல் எழும்பாது. அவர் வந்து அண்ணியிடம் புலம்பினார்.

"அக்கா, வீட்டுல சோறு போட மாட்டேங்கறா. முதல்ல அந்தப் பொண்ணுக்குக் கோட்டைக் குடுத்துட்டு வாங்கங்கறா."

"குடுத்துட வேண்டியதுதானே? அடுத்த வாரம் நீங்களும் ஒரு இடத்துல முதுகு காட்டறீங்க, பார்த்தேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. கேப்டன் முதுகு காட்டியபோது, "கோட்டு உள்ள மாட்டியிருக்கும்மா, எடுத்துக்க" என்றார். நீலப் பெண் முதுகு காட்டியபோது, "இதைச் சொல்ல ஒரு வாரமா?" என்றாள். வசனம் எழுதுகிறவர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் அவர்தான் அடுத்த முதுகு எங்கே வருகிறது என்று முன்கூட்டியே தேடி வைத்தார். முகம் தெரிந்தால் மூச்சு, முதுகு தெரிந்தால் பேச்சு என்று நீலப் பெண் புதிதாக ஒரு வாழ்க்கை வாழத் தொடங்கினாள். பார்க்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

கூடியதுதான் வினை. ஏன் கூடுகிறது என்று பார்க்கச் சேனல் மேனேஜர் உட்கார்ந்தார். பார்த்தார். நேரே லிஃப்டில் ஏறி நாலாவது மாடி ஸ்டுடியோவுக்கு வந்தார்.

தொடரின் கடைசிக் கட்டம் அப்போது பதிவாக இருந்தது. நீலப் பெண் கேப்டனிடம் தன்னை ஒப்படைக்கிற காட்சி. முழுக்க முகம்தான், முதுகே கிடையாது. மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "தாள்ல இருக்கறது மட்டும்தான் வரணும். ஒரு சொல் மாறினாலும் அடுத்த பாகம் வேற ஸ்டுடியோவுக்குப் போயிடும்."

வசனக்காரர் அண்ணியை நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. "அக்கா, இந்தத் தொடரை நம்பித்தான் நம்ம எல்லார் வீட்டுலயும் அடுப்பு எரியுது."

"தெரியும்ப்பா. ஒரு எழுத்தை மாத்த மாட்டேன். போதுமா?"

அண்ணி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். "நான் உங்களுக்காகவே படைக்கப்பட்டவள். எனக்கென்று ஒரு விருப்பமும் இல்லை" என்பதை உதட்டுக்கு உதடு, தேனாகச் சொன்னார். மேனேஜர் தலையை ஆட்டினார். பிறகு நீலப் பெண் கேப்டனின் மார்பில் முகம் புதைத்தாள். தாளில் அந்த இடத்தில் 'நீண்ட மூச்சு' என்று இருந்தது. அண்ணி மைக்குக்குப் பக்கத்தில் போனார். இழுத்தார்.

"ஹா... ஹா... அச்சூ!"

கேப்டன் குரல்காரர் வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டார். மேனேஜர், "இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தும்மல். மறுபடியும் சொன்னார். மறுபடியும் தும்மல், இம்முறை முன்னதைவிடப் பெரியது.

"வேணும்னே பண்றீங்க."

"உங்க ஏசி சார். அவளுக்கும் குளிருது, எனக்கும் குளிருது."

"இங்க பாருங்கம்மா. இந்த மூச்சுக்காகத்தான் இத்தனை பேர் பார்க்கறாங்க. இந்தக் கதையே அந்த மூச்சுதான்."

அண்ணி காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபமெல்லாம் இல்லை. தன் சொந்தக் குரலில், கடைக்காரரிடம் சரக்கு இல்லையென்று சொல்வதுபோலச் சொன்னார்: "இத்தனை வருஷமா விட்டு விட்டுத் தீர்ந்துபோச்சு சார். இனிமே என்கிட்ட இல்ல."

மேனேஜர் அவரை அன்றோடு அனுப்பிவிட்டார். சவுண்டுக்காரரைப் பார்த்து, "பழைய பதிவிலிருந்து அவங்க மூச்சு ஒண்ணை எடுத்து ஒட்டிடு" என்றார். சவுண்டுக்காரர், "ஒட்டிடறேன் சார்" என்றார். பரம சாது போலத் தலையையும் ஆட்டினார்.

அது ஒளிபரப்பான அன்று எங்கள் தெருவில் ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது. நீலப் பெண் கேப்டனின் மார்பில் சாய்ந்து, ஆகாயமே அதிரத் தும்மியிருந்தாள். அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "நூறு வயசு!" என்று கத்தினார். கம்ப்யூட்டர் மாற்றி ஒட்டிவிட்டது என்று சவுண்டுக்காரர் சாதித்துவிட்டார். அந்த மெஷினை ஓட்ட வேறு ஆள் இல்லாததால் அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. தும்மலைக் கேட்கவே ஜனங்கள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னதால் அடுத்த பாகமும் எங்களுக்கே வந்தது. அண்ணிக்கு மட்டும் கதவு சாத்தியது சாத்தியதுதான்.

வீட்டில் அவர் சும்மா உட்கார்கிற ஆள் இல்லை. தூரத்து ஊர் ஒன்றில் ரயில் நிலைய அறிவிப்புக்குக் குரல் தேடினார்கள். போய்ப் பேசிக் காட்டிவிட்டு வந்தார். "இனிமே நான் சொன்னாத்தான்டி ரயிலே கிளம்பும்" என்று பெட்டியைக் கட்டினார்.

அவர் கிளம்புவதற்கு முதல் நாள் மேனேஜர் எனக்குச் சொல்லியனுப்பினார். நீலப் பெண்ணுக்கு இனி நான் பேச வேண்டுமாம், என் குரலில் அண்ணியின் சாயல் இருக்கிறதாம். இன்றுவரை அந்த வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் அன்று எனக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணியை வெளியே தள்ளிய இடத்தில் நான் போய் நிற்பதா என்று ஒரு பக்கம் மனது அரித்தது. இன்னொரு பக்கம், வீட்டு வாடகையை யார் கொடுப்பது?

பேருந்து நிலையத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்த ஊரிலேயே ஒரு காய்ச்சலில் போய்விட்டார். கடவுள் அவரைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்திருப்பார், சிரிப்புக்கு ஆள் வேண்டுமே.

அன்று பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "போடி பைத்தியம், போய்ப் பேசு. நீ பேசாட்டி எவளாவது வந்து பம்பு அடிப்பா" என்றார். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

"அண்ணி, மூச்சு விடச் சொல்லிக் கேப்பாங்களே! அதுக்கு நான் என்ன பண்ண?"

அண்ணி தலையை வெளியே நீட்டினார்.

"கேட்டாங்கன்னா லிஃப்டை நிறுத்திட்டு மேனேஜரை நாலு மாடியும் நடந்து ஏறச் சொல்லு. மேல வந்ததும் மைக்கை அவர் வாய்கிட்ட நீட்டு!"