அந்தம்மா செய்யும் வேலை

மகனின் இயற்பியல் புத்தகத்தில் இன்று அதே கேள்வியைப் பார்த்ததும் வாயெல்லாம் உப்புக் கரித்தது. தலைச்சுமையோடு சமதளத்தில் நடப்பவர் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை எவ்வளவு? சுனாமிக்கு அடுத்த வருஷம், மரக்காணத்தில், பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே கண் கூச விரிந்துகிடந்த உப்பளத்தின் வரப்பில், பாளம் பாளமாய் வெடித்த பாதங்களோடு, தலையில் உப்புக்கூடையோடு போய்க்கொண்டிருந்த என் அம்மாவைக் கைகாட்டித்தான் சார் அதை விளக்கினார்.

"பாரம் கீழ இழுக்குது, அந்தம்மா பக்கவாட்டுல போவுது. அதனால செய்யற வேலை ஜீரோ."

வகுப்பே எழுதிக்கொண்டது.

உப்பளம் இருந்த இடம் இன்று இறால் பண்ணை. அந்த ஜீரோவை நினைத்தால் மட்டும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று சாயங்காலம் கால் கழுவிக்கொண்டே அம்மா கேட்டாள்: "சார் என்னைக் காட்டி இன்னாடி சொன்னாரு? நல்ல விதமாத்தான?"