இரண்டாவது வரியில் போட்ட புள்ளடி

எனக்குப் பேனா பிடிக்கிற வேலை அதிகம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு என் கையில் இருந்ததெல்லாம் கவ்வாத்துக் கத்திதான். தேயிலைச் செடி உயர்ந்து போனால் வேண்டாத கிளைகளை வெட்டித் தள்ளிவிட்டு, வேண்டியதை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அதற்குப் பெயர் கவ்வாத்து. றக்வானவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக அதைத்தான் செய்கிறேன். செடியோடு பேச வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய வசதி. மனிதர்களிடம் பேசப் போனால் வார்த்தை வாய்க்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

மகள் என்னைப் போல இல்லை. பட்டப்படிப்பை முடித்துவிட்டு, இரத்தினபுரியில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் கணினியில் பதிகிற வேலைக்குப் போனாள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவாள். அப்படி வந்த ஒரு சனிக்கிழமைதான், பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள் செய்தி எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயம் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து காம்பராவில், அடுத்த அறை வீட்டில், இருக்கும் அண்ணன் பல் குச்சியோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"பொதுச் சுகாதாரமா? அப்ப நம்ம சுகாதார இன்ஸ்பெக்டரு, பீ.எச்.ஐ. மாத்தயா மாதிரியா? கக்கூசு கதவத் தொறந்து தொறந்து பாப்பாரே, அவரு மாதிரி?"

"இல்லண்ணே, இது அதுக்கு மேல" என்றேன்.

"கக்கூசுக்கு மேல என்னா இருக்கு? கூரைதானே!"

மகள் உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "பெரியப்பா, டாக்டரு காய்ச்சல் வந்த ஆளப் பாப்பாரு. நாங்க ஊருக்கே காய்ச்சல் வராம இருக்க என்னா செய்யலாம்னு பாப்போம்."

"ஊசி போடுவியா?"

"போட மாட்டேன்."

"மாத்திரையாச்சும் குடுப்பியா?"

"அதுவும் இல்ல பெரியப்பா."

"அப்ப என்னாத்துக்குப் படிக்கிற?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் குச்சியைக் கடித்தபடி போய்விட்டார்.

அந்தப் படிப்பில் மூன்று வழிகள் இருப்பதாக எனக்கும் என் மனைவிக்கும் அவள் விளக்கினாள். முதலாவது ஒரு வருடம். சனி, ஞாயிறு வகுப்பு, கடைசியில் பரீட்சை, அவ்வளவுதான். இரண்டாவது இரண்டு வருடம். ஏதாவது ஒரு இடத்துக்குப் போய், அங்குள்ள ஆட்களிடம் கேட்டுப் பார்த்து, கண்டுபிடித்ததைப் புத்தகம் போல எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது ஆஸ்பத்திரிகளை நிர்வாகம் செய்யப் பழகுகிறவர்களுக்கு. மூன்றாவது வேண்டாம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. முதலாவதா இரண்டாவதா என்பதுதான் தெரியவில்லை. விண்ணப்பத்தை முழுக்க நிரப்பிவிட்டு, அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டு, பச்சை ஃபைலில் போட்டு அலுமாரி மேல் வைத்தாள். "அடுத்த கெழம முடிவு பண்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அடுத்த கிழமை அவள் வரவில்லை, டெங்குதான் வந்தது. வெறும் காய்ச்சல் என்று இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். மூன்றாம் நாள் நிற்க முடியாமல் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் மனைவி துணைக்குப் போனாள். போகும்போதே புலம்பல். "ஊரு ஒலகத்துக்குக் காய்ச்சல் வராம பாக்கப் போறவளுக்கு, காதுக்கிட்ட வந்த கொசுவப் பாக்கத் தெரியல!"

விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போடக் கடைசி நாள் அன்று காலையில் மகள் ஃபோன் எடுத்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"அப்பா, நல்லா கேளுங்க. இங்க வந்து படுத்த பொறகுதான் முடிவு பண்ணுனேன். ரெண்டாவதுதான் நமக்கு வேணும். அந்த எடம் மட்டுந்தான் பாக்கி. செஞ்சிட்டு, போஸ்ட் மாஸ்டருக்கிட்ட ஒருக்கா காட்டி, சரியான்னு கேட்டுட்டுப் போடுங்க."

"சரிம்மா. சாப்பிட்டியா?"

அதற்குள் மனைவி ஃபோனைப் பிடுங்கிவிட்டாள். "பேசுனது போதும், நர்ஸ் மிஸ் மொறைக்கிறாங்க."

ஃபைலைத் திறந்தேன். எல்லாம் இங்கிலீஷ். மூன்று வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. இரண்டாவது நமக்கு வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? பதினெட்டு வயதிலிருந்து வோட்டுப் போடுகிறவன். வேண்டியதற்கு நேரே புள்ளடி. ஒரு கோடு இப்படி, ஒரு கோடு அப்படி. கட்டத்துக்கு வெளியே போனால் வோட்டு செல்லாது என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் வீடு வீடாக வந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே கட்டம் இல்லை, வரிதான் இருந்தது. அதனால் வரியின் மேலேயே, கை நடுங்காமல், அழகாக ஒரு புள்ளடி போட்டேன். பெரிய உத்தியோகம் பார்த்த திருப்தி. உறையையும் வீட்டிலேயே ஒட்டிவிட்டேன். ஒட்டிய உறையை யாரும் பிரித்துக் காட்டச் சொல்ல மாட்டார்கள் அல்லவா? தபால் கந்தோரில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அத்தனை பேருக்கு முன்னால் "இது சரியா" என்று கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது. பதிவுத் தபாலுக்குக் கொடுத்த துண்டுச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு கிழமை கழித்து மகள் வீட்டுக்கு வந்தாள். முகம் வாழைத்தண்டு போல வெளுத்திருந்தது. கஞ்சி குடித்துக்கொண்டே, "எப்பிடிப்பா அடையாளம் போட்டீங்க?" என்று கேட்டாள். மேசையில் சிந்தியிருந்த கஞ்சித் தண்ணீரில் விரலைத் தொட்டு, பெருமையோடு ஒரு புள்ளடி போட்டுக் காட்டினேன்.

கரண்டி அப்படியே நின்றது.

"அப்பா... மேல என்னா எழுதியிருந்திச்சுன்னு தெரியுமா? 'வேண்டாதவற்றை வெட்டிவிடவும்'னு இங்கிலீஷ்ல எழுதியிருந்திச்சு."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தத் தாளைப் பார்க்கிறவருக்கு, என் மகளுக்கு முதலாவதும் மூன்றாவதும் வேண்டும், இரண்டாவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "முப்பது வருசமா கவ்வாத்து வெட்டுற மனுசன்! வேண்டாதத வெட்டணும், வேண்டியத விடணும்னு ஒங்களுக்குத் தெரியாதா? கத்தியக் குடுத்திருந்தாச்சும் சரியா செஞ்சிருப்பீங்க!"

மகளுக்குக் கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிப்பு மொத்தத்துக்கும் அந்த ஒரு இடத்தில்தான் வழி பிரிகிறது, அதை நான் வெட்டியிருக்கிறேன்.

பல்கலைக்கழகத்துக்கு ஃபோன் எடுத்தாள். திங்கட்கிழமை விண்ணப்பங்களை மூன்று வழிகளாகப் பிரிக்கத் தொடங்குவார்களாம். அதற்கு முன் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தால் பார்ப்பார்களாம், இல்லாவிட்டால் தாளில் உள்ளபடிதானாம். அன்று வியாழக்கிழமை. தபாலை நம்ப முடியாது. மகளால் வாசல்வரைகூட நடக்க முடியவில்லை. அவள் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதை யார் கொண்டு போவது என்று யாரும் கேட்கவில்லை, இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கோடு போட்டவரு நீங்கதானே" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்பட்டேன். கொடகவெல தாண்டும்போதே மனதுக்குள் சிங்களத்தில் பேசிப் பழகத் தொடங்கிவிட்டேன். சிங்களம் எனக்கு நன்றாகவே வரும், கூச்சம்தான் எந்த மொழியிலும் போகாது. இரத்தினபுரியில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு கொஞ்சம் சத்தமாகவே பழகியிருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்து ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

கொழும்பில் அந்த அலுவலகத்தைக் கண்டுபிடித்தபோது பதினொரு மணி இருக்கும். மேசையில் இருந்த மிஸ் கடிதத்தைப் படித்தார். அடுக்கிலிருந்து மகளின் விண்ணப்பத்தை எடுத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பழகி வைத்த வசனங்கள் எல்லாம் ஓடிவிட்டன. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"மிஸ், மம தமய் கத்திரே கெஹுவே. ஓன எகட." நான்தான் புள்ளடி போட்டேன், வேண்டியதற்கு என்று சொல்லிவிட்டேன்.

அவர் நிமிர்ந்தார். "சந்தேட வகேத?" வோட்டுப் போடுகிற மாதிரியா என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எங்க அம்மாவும் இதைத்தான் செய்திருப்பார்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, இதைத் தன்னால் தீர்மானிக்க முடியாது என்று உள்ளே கூட்டிப் போனார். அங்கே படிப்புக்குப் பொறுப்பான பேராசிரியர் அம்மா இருந்தார். அவர் சிரிக்கவில்லை. கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் இரண்டாவது? ஒரு வருடத்தில் முடித்துவிட்டு வேலைக்குப் போகலாமே?"

என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்பார்கள் என்று நான் நினைக்கவேயில்லை. கதவைப் பார்த்தேன். அது தூரத்தில் இருந்தது. வேறு வழியில்லாமல் தெரிந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் மகளின் வார்டில் தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோருமே காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் வந்தவர்கள். வேலை நேரத்தில் டிஸ்பென்சரிக்குப் போனால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் வேலை என்றுதான் பதிவார்கள். அதனால் முதல் நாள் யாரும் போவதில்லை. ஆனால் என் மகளுக்கு அரைப்பேர் கிடையாது, படித்தவள், அவளும் மூன்றாம் நாள்தான் போனாள். அது ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. லயம் லயமாகப் போய் அதைக் கேட்டு எழுத வேண்டும் என்கிறாள். ஒரு வருடப் படிப்பில் அதற்கு நேரம் இல்லையாம்.

இவ்வளவு நீளமாக நான் வெளியாளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

பேராசிரியர் அம்மா கடிதத்தை விண்ணப்பத்தோடு சேர்த்துப் பின் அடித்தார். "இரண்டாவது என்று எடுத்துக்கொள்கிறோம். மிச்சத்தை நேர்முகத்தில் அவர் வந்து பேசட்டும்" என்றார். பிறகு, "நீங்கள் எத்தனையாம் நாள் போவீர்கள்?" என்று கேட்டார்.

"நான் போறதே இல்ல, நோனா" என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு மகள் நேர்முகத்துக்குப் போனாள். அதற்குப் பிறகு ஒரு நாள் நீளமான உறை வந்தது. இரண்டாவது வழியில், இரண்டு வருடப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கூடவே திருப்பி அனுப்ப ஒரு தாள். இடத்தை ஏற்றுக்கொள்கிறேன், ஏற்றுக்கொள்ளவில்லை என்று இரண்டு வரி. வேண்டாததை வெட்டிவிட வேண்டும்.

மகள் பேனாவை என் பக்கம் நீட்டினாள். "இது வோட்டு இல்லப்பா, கவ்வாத்து."

"ஐயோ, அந்த மனுசன் கையில குடுக்காத!" என்று மனைவி ஓடி வந்தாள்.

எது வேண்டாம் என்று இரண்டு தடவை கேட்டேன். மகள் விரல் வைத்துக் காட்டினாள். கத்தியை இறக்குகிற மாதிரி சாய்வாக ஒரே ஒரு கோடு இழுத்தேன்.

உறையை வீட்டில் ஒட்டவில்லை. தபால் கந்தோரில் அன்றைக்கும் வரிசை நீளமாகத்தான் இருந்தது. என் முறை வந்ததும் தாளை விரித்து போஸ்ட் மாஸ்டர் முன்னால் வைத்து, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "இது சரியா மாத்தயா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். பின்னால் யாரோ பொறுமையில்லாமல் இருமினார்கள். இருமட்டும் என்று நின்றேன்.

"ஹரி" என்றார். சரிதான்.

அங்கேயே நின்று உறையை ஒட்டினேன்.