இடது வலது இல்லாத பாட்டுகள்

என் வீட்டுக்காரருக்கு இந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தண்ணீர் கேட்கத் தெரியாது, வழி கேட்கத் தெரியாது. ஆனால் அவர் பிறப்பதற்கு முன்பே வந்த இந்திப் படப் பாட்டுகள் ஐந்நூற்றுச் சொச்சம் அவரிடம் கேசட்டில் இருக்கின்றன. பாடியவர்களையும் நடித்தவர்களையும் கொண்டாட ஊரே இருக்கிறது என்பார். அவருடைய ஆட்கள் வேறு. இரண்டு வரிகளுக்கு நடுவில் நான்கே நொடி அக்கார்டியன் வாசித்துவிட்டுப் போனவர், பல்லவி முடிகிற இடத்தில் மேண்டலினை ஒரு மீட்டு மீட்டியவர், பின்வரிசையில் முப்பது வருடம் வயலின் இழுத்தும் ஒரு இசைத்தட்டு உறையிலும் பெயர் வராதவர். இவர்களைத்தான் அவர் தேடித் தேடிக் கேட்பார்.

அதற்குப் பள்ளிக்கூட நோட்டுகள் வைத்திருக்கிறார். ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம். நடுவில் மைக்குக்கு ஒரு சின்ன வட்டம், அதைச் சுற்றி வளையங்கள், வளையங்களின் மேல் புள்ளிகள். ஒரு புள்ளி ஒரு ஆள். அந்தக் காலத்தில் பாடுபவரையும் வாத்தியக்காரர்களையும் ஒரே அறையில் நிறுத்தி, ஒரே மைக்கில் பதிவு செய்வார்களாம். சத்தமான வாத்தியம் தூரத்தில், மெல்லிய வாத்தியம் கிட்டத்தில்.

"ஒத்தை மைக்குக்கு இடது வலதெல்லாம் தெரியாதும்மா. கிட்டயா, தூரமாங்கறது மட்டும்தான் தெரியும்" என்று நான் கேட்காமலேயே விளக்குவார்.

"பேர் தெரியாத ஆளுக்கெல்லாம் புள்ளி வைக்கிற நேரத்துல நம்ம வீட்டுக் குழாயைச் சரி பண்ணலாம்" என்பேன் நான். பதில் வராது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு என் தையல் மெஷினுக்குத் திரும்புவேன். அந்தப் பழமொழியை இப்போது நான் சொல்வதில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டின் உச்சியில் நின்றுகொண்டு கண்ணை மூடி, "அஞ்சாவது மாடி, இடது பக்கத்துத் தண்டவாளம்" என்று சொல்லிவிடுவார். போய்ப் பார்த்தால் அங்கேதான் ஒரு திருகு கழன்றிருக்கும். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் பாம்புச்செவி. எங்கள் கல்யாணத்துக்கு வந்த வாழ்த்து அட்டையில்கூட அந்தப் பெயர்தான் இருந்தது.

பிரச்சினை ஹெட்போனில் ஆரம்பித்தது. நான் வீட்டின் பின்னறையில் திரைச்சீலை தைக்கிறேன். மெஷின் சத்தத்துக்கு நடுவில் பாட்டுக் கேட்க முடியாது என்பதால் அவர் எப்போதும் ஹெட்போன்தான். சென்ற வருடம் ஒருநாள், வலது பக்கம் சத்தம் குறைகிறது என்றார். அதைப் பிரித்தார், ஈயம் வைத்தார், மூடினார். சரியாகவில்லை. புதிதாக ஒன்று வாங்கினார். அதிலும் வலது பக்கம் மந்தமாம். கேசட் பிளேயரைக் கழற்றிச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பினார். நாலு மாதம் நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

ஒருநாள் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தலையிலிருந்து ஹெட்போனை உருவி, வலதை இடதாகத் திருப்பி மாட்டினேன்.

"இப்ப எந்தப் பக்கம் கம்மியா கேக்குது?"

பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி, வலது காதைத் தொட்டார்.

இருபத்தெட்டு வருடம் மெக்கானிக்காக இருப்பவர், எது பழுது என்று பார்க்க முதலில் செய்கிற சோதனை, பாகத்தை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. நாலு மாதமாக இவர் அதை மட்டும் செய்யவில்லை.

"தெரியும்மா. அதனாலதான் மாத்திப் போடல" என்றார்.

அப்புறம் ஆஸ்பத்திரி. ஸ்கேன் குழாய்க்குள் அவரைத் தள்ளினார்கள். வெளியே வந்தவர் வியர்த்திருந்தார். "உள்ள டம் டம்னு ஒரே அடி. தாளமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சிரிக்கப் பார்த்தார். சட்டைப் பித்தானை இரண்டு முறை தவறான ஓட்டையில் மாட்டினார். நான்தான் போட்டுவிட்டேன்.

டாக்டர் அம்மா சின்ன வயது. படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, காதுக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டைக் காட்டினார். "இது புற்றுநோய் இல்லை, அந்தப் பயம் வேணாம். ஆனா வளருது. விட்டா மூளையை அழுத்தும். எடுத்தா வலது காது சுத்தமா கேக்காது. முகத்துக்குப் போற நரம்பும் அதோட ஒட்டியிருக்கு. அதைக் காப்பாத்தப் பார்ப்போம்."

"பார்ப்போம்னா?" என்று கேட்டேன்.

"பார்ப்போம்" என்றார் மறுபடியும்.

அந்தப் பயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று பயங்களைக் கையில் கொடுத்து அனுப்பினார் அந்த அம்மா. உயிர் தங்குமா, முகம் கோணுமா, காது போனபின் இவர் என்ன ஆவார்? முதல் இரண்டும் எனக்கு. மூன்றாவதுதான் அவருக்கு. ஆபரேஷனுக்கு இருபது நாள் இருந்தது. அந்த இருபது நாளும் அவர் வேலைக்குப் போய்வந்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். பஞ்சம் வரப்போகிறது என்று தெரிந்தவர் மூட்டை கட்டுகிற மாதிரி கேட்டார். பாதிப் பாட்டில் நிறுத்துவார். வேறு கேசட் போடுவார். நோட்டைப் புரட்டுவார். ஒரு பாட்டையும் அவர் ரசிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

தூரத்து ஊரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போனில், "அம்மா, அப்பாவை அந்தக் கடுதாசியைப் படிக்கச் சொல்லு" என்றாள்.

அந்தக் கடுதாசி ஒரு கதை. இவருக்கு உயிரான பாட்டு ஒன்று உண்டு. ஒரு பெண் காத்திருந்து காத்திருந்து பாடுவது. அதன் நடுவில் வாத்தியங்களெல்லாம் ஒரேயடியாக நின்றுவிடும். அந்த அமைதியில், மறுபடி குரல் எழுவதற்கு ஒரு நொடி முன்னால், எங்கோ ஒரு நாற்காலி 'கிறீச்' என்று முனகும். நான் நூறு முறை கேட்டும் எனக்குக் கேட்டதில்லை. பாம்புச்செவிக்கு மட்டும் கேட்டது. பத்து வருடத்துக்கு முன், அந்தப் பாட்டில் வாசித்த ஒரு வயலின்காரரின் முகவரி ஏதோ பத்திரிகையில் கிடைக்க, பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகளைவிட்டு ஆங்கிலத்தில் எழுதவைத்தார். 'நீங்கள் எந்த வளையத்தில் இருந்தீர்கள்? அந்த நாற்காலி யாருடையது?'

இரண்டு தாளில் பதில் வந்தது. போனை வைத்ததும் அலமாரியில் இருந்ததை எடுத்து, மகள் அன்று தமிழில் எழுதிவைத்திருந்ததை நான் அவருக்கு வாசித்தேன். அவர் இடது காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.

'ஐயா, நான் தூணுக்குப் பின்னால் கடைசி வளையத்தில் இருந்தேன். நாங்கள் ஆனந்தமாக வாசித்தோம் என்று நினைக்கிறீர்கள். இல்லை. அறுபது பேருக்கு ஒரே மைக். கடைசி வரியில் ஒருவன் தப்பு செய்தாலும் அறுபது பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்று அது பதினோராவது தடவை. பாடுகிற அம்மாவின் தொண்டை கட்டிக்கொண்டு வந்தது. என் கை பனிக்கட்டி மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு பயம். நீங்கள் கேட்ட நாற்காலி என்னுடையது. பயத்தில் அசைந்துவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று இத்தனை வருடம் நிம்மதியாக இருந்தேன். நீங்கள் வந்து சேர்ந்தீர்கள்.'

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "அறுபது பேரும் பயந்துக்கிட்டே வாசிச்சிருக்காங்கம்மா. நமக்குத் தேனா கேக்குது" என்றார். அப்புறம் முதல் முறையாக, "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு" என்றார். எனக்கும்தான் என்றேன். அந்தப் பாட்டை ஹெட்போன் இல்லாமல் போட்டோம். மெஷினை நான் நிறுத்திவிட்டேன்.

ஆபரேஷன் அன்று காலையில் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். வலது காதுக்கு மேலே மயிரை மழித்து, பேனாவால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். கதவருகில் என் கையை விட மாட்டேன் என்றார். நர்ஸ் காத்துக்கொண்டு நின்றாள்.

"அந்த நாற்காலி மாதிரி அசைஞ்சிராதீங்க" என்றேன். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

"பதினோரு தடவை பண்ண மாட்டாங்கல்ல?" என்றார்.

கதவு மூடியது. ஒன்பது மணி நேரம். காத்திருக்கும் அறையில் பச்சை நாற்காலிகள் வரிசையாக இருந்தன. நான் கொஞ்சம் அசைந்தாலும் கிறீச்சிட்டது. கால் மரத்துப்போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நான் அசைந்தால் உள்ளே யாருடைய கையோ தவறிவிடும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அசையவில்லை. சாயங்காலம் அந்தச் சின்ன வயது டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்து, "முகத்து நரம்பு தப்பிச்சிருச்சு" என்றபோது எழுந்திருக்க முடியாமல் விழப்போனேன்.

பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரே வாசகத்தைச் சொன்னார்கள்: "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு." எனக்குக் கோபம் வந்தது. தலைப்பாகையை வேறு வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். காதை எங்கே போய் வாங்குவது?

வீட்டுக்கு வந்தும் பன்னிரண்டு நாள் அவர் பாட்டுப் போடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கேசட் அலமாரிப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போட்டுப் பார்த்துப் பாதிதான் கேட்டால் என்ன செய்வது என்று பயம். மறுபடியும் அதே ஹெட்போன் கதை. பதின்மூன்றாம் நாள் பத்து மணிவாக்கில், கேட்காமல் கொள்ளாமல் அந்தப் பாட்டை நானே போட்டேன்.

அவர் எழுந்து போகப்பார்த்தார். தோளை அழுத்தி உட்காரவைத்தேன். வயலின்கள் எழுந்தன, அந்தப் பெண் பாடினாள், எல்லாம் நின்றது. அவருடைய கை என் மணிக்கட்டை இறுக்கியது.

"கிறீச்" என்றார் அவர்.

நோட்டை எடுத்துவரச் சொன்னார். புள்ளி புள்ளியாக விரல் வைத்துக்கொண்டே போனார். "அக்கார்டியன் இங்க. மேண்டலின் இங்க. கடைசி வளையத்துல நம்ம ஆளு. ஒண்ணுமே போகலம்மா! அந்த மைக்குக்கும் ஒத்தைக் காதுதான. ஒத்தைக் காதுக்குன்னே வாசிச்சிருக்காங்க." முகம் முழுக்கச் சிரிப்பு, இரண்டு பக்கமும் சமமாக. நான் சமையலறைக்குப் போய் ஆசை தீர அழுதேன்.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, அங்கிருந்தே கூப்பிட்டேன். "ஏங்க, டீ போடட்டுமா?"

வாசல் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் வாசல் கதவைத் திறந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கூப்பிட்டேன். திரும்பிப் பின்னறைக்குள் ஓடினார். ஓடத் தெம்பில்லாத மனிதர்.

"எங்கம்மா இருக்க?" அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கூட்டத்தில் கை நழுவிய குழந்தையின் குரல். "குரல் கேக்குது. எங்கேருந்துன்னு தெரியலையே!"

ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். ஒரு காதோடு திசையும் போய்விட்டது. டாக்டர் சொன்னபோது எங்கள் காதில் விழாமல் போன விஷயம் அது. பாட்டுக்குத் திசை வேண்டாம். வீட்டுக்கு வேண்டும், தெருவைக் கடக்கவும் லிஃப்டின் உச்சியில் நிற்கவும் வேண்டும். அந்த வேலைக்கு அவர் இனி போக முடியாது என்று இரண்டு பேருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. இப்போது உதிரிபாகக் கிடங்கில் இருக்கிறார். பாம்புச்செவி என்று அங்கே யாரும் கூப்பிடுவதில்லை.

மறுநாள் அவர் நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்தார். நடுவில் வட்டம் போட்டார். அது முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவர். சுற்றிலும் வளையங்கள்.

"நீ ஒவ்வொரு ரூமா போயி கூப்பிடு. சமையக்கட்டுல தரையும் சுவரும் டைல்ஸ், குரல் கணீர்னு வரும். பின்னறை முழுக்கத் துணி, அமுங்கித்தான் வரும். குளியலறையில சுத்தும். கண்ணால பார்த்தே இல்லாத ஆளுங்களையே கண்டுபிடிச்சேன். உன்னைக் கண்டுபிடிக்க மாட்டனா?"

கண்ணை மூடி உட்கார்ந்தார். நான் பின்னறைக்குப் போய், திரைச்சீலைக் குவியலுக்கு நடுவில் நின்றேன். ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். கை சில்லிட்டது. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த வயலின்காரர் ஞாபகம் வந்தது.

"ஏங்க" என்றேன்.

"சமையக்கட்டு" என்றார்.

"தப்பு."

"சரி, மறுபடியும் முதல்லேருந்து."

ஏழாவது தடவை எழுந்து, கண்ணைத் திறக்காமலேயே சுவரைத் தடவிக்கொண்டு பின்னறைக்கு வந்து, துணிகளுக்கு நடுவில் என் கையைப் பிடித்தார். பிறகு போய் நோட்டில் கடைசி வளையத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தார். இத்தனை வருடத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் புள்ளி வைத்தவர், முதல் முறையாக ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் பெயரும் எழுதினார்.